எப்போது விழுந்தார்? மாண்டாக் கடலில் ஒரு தேடல்: நிகழ்வு ஆய்வு

2013 ஜூலை 24, அதிகாலை சுமார் மூன்றரை மணி. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் கிழக்கு முனையில் இருக்கும் மாண்டாக் துறைமுகத்துக்குத் தெற்கே, அட்லாண்டிக் கடலில் 'அன்னா மேரி' என்ற சிங்கி இறால் படகு போய்க்கொண்டிருந்தது. படகில் மூன்று பேர். இருவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்தவர் ஜான் ஆல்ட்ரிட்ஜ், வயது 45, படகின் பங்குதாரர். அவர் பின்தளத்திலிருந்து கடலில் விழுந்தார். படகு ஆட்டோ பைலட்டில் இருந்ததால் ஆள் இல்லாமலே தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது.

ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் கழித்து, கரையிலிருந்து 43 மைல் தொலைவில், கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் அவரை உயிரோடு தூக்கியது. அவர் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. விளக்கோ விசிலோ இடம் காட்டும் கருவியோ எதுவும் இல்லை. அவர் விழுந்ததைப் பார்த்தவரும் இல்லை.

இந்தச் சம்பவத்தை ஓர் அதிசயமாகச் சொல்லி முடித்துவிடுபவர்கள் அதிகம். எனக்கு அது போதாது. இதில் என்ன தவறியது, எது காப்பாற்றியது என்பதைப் பிரித்துப் பார்த்தால், கடலில் போகும் எவருக்கும் பயன்படும் செய்தி இருக்கிறது. என் பார்வையில் முழு நிகழ்வும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது: அவர் எப்போது விழுந்தார்?

விழுந்த விதம்

முந்தைய நாள் இரவு ஒன்பது மணி வாக்கில் படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. ஆல்ட்ரிட்ஜ் முதல் காவலை எடுத்துக்கொண்டார். இன்னொரு பங்குதாரரான அந்தோணி சோசின்ஸ்கியும் மூன்றாவது பணியாளும் படுக்கப் போனார்கள். நள்ளிரவுக்கு முன்பே சோசின்ஸ்கியை எழுப்பியிருக்க வேண்டும். ஆனால் நண்பர் தூங்கட்டும் என்று ஆல்ட்ரிட்ஜ் விட்டுவிட்டார். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் அதோடு, படகில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் ஒரே வழியும் அடைபட்டது. காவல் மாற்றுவது ஓய்வுக்காக மட்டும் இல்லை. குறித்த நேரத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் கண்ணால் பார்க்கும் வேளை அது. அது நடக்காமல் போன இரவில், ஒருவர் காணாமல் போனது அடுத்தவர் எழும் வரை தெரியப் போவதில்லை.

பிடிபடும் இறால்களை உயிரோடு வைக்கத் தொட்டிகளில் குளிர்ந்த கடல்நீர் வேண்டும். அந்த வேலையை முன்கூட்டியே தொடங்க நினைத்தார் ஆல்ட்ரிட்ஜ். தொட்டிப் பக்கம் போகும் தளமூடியின் மேல் கனமான ஐஸ் பெட்டிகள் இருந்தன. நீளக் கொக்கி ஒன்றைப் பெட்டியின் பிளாஸ்டிக் கைப்பிடியில் மாட்டிப் பலம் கொண்டமட்டும் இழுத்தார். கைப்பிடி உடைந்தது. இழுத்த வேகத்திலேயே பின்னால் சரிந்தார். இறால் பிடிக்கும் கூடுகளைக் கடலில் இறக்க வசதியாக அந்தப் படகின் பின்புறம் திறந்தே இருக்கும். பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

இழுக்கும் வேலை எப்போதும் ஆபத்தானது. இழுபடும் பொருள் சட்டென்று விட்டுக்கொடுத்தால் உடம்பின் எடை முழுவதும் பின்னால் போகும். இழுப்பவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இங்கே கடல் இருந்தது. இரவு நேரம், தனியாள், திறந்த பின்புறம், படகு ஓட்டத்தில் என்ற நான்கும் சேர்ந்தால் அந்த வேலை காலை வரை காத்திருக்கலாம். இல்லையென்றால் இன்னொருவரை எழுப்பிவிட்டுச் செய்யலாம். குறைந்தது பின்புறத்துக்குக் குறுக்கே ஒரு சங்கிலி போடலாம். செலவு பிடிக்கும் விஷயங்கள் இல்லை இவை.

யாருக்கும் தெரியாத மூன்று மணி நேரம்

அந்தப் படகு ஏறக்குறைய ஆறரை நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஆறரை கடல் மைல், போனது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 200 மீட்டர். விழுந்தவர் தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கிக் கத்துவதற்குள் படகு கூப்பிடும் தூரத்தைத் தாண்டிவிடும். இன்ஜின் சத்தத்தில், உள்ளே தூங்குபவருக்கு அந்தக் கூச்சல் கேட்க வாய்ப்பே இல்லை. 18 நாட் வேகத்தில் போகும் சரக்குக் கப்பலானால் நிமிடத்துக்கு 550 மீட்டருக்கு மேல்.

காலை ஆறு மணிக்குப் பிறகு எழுந்தவர்கள் ஆளைக் காணாமல் படகு முழுவதும் தேடினார்கள். 6.22-க்கு சோசின்ஸ்கி, படகு வானொலியின் அவசர அழைப்பு அலைவரிசையான வி.எச்.எஃப் சேனல் 16-இல் கடலோரக் காவல் படையை அழைத்தார். அதற்குள் படகு தங்கள் கூடுகள் கிடக்கும் இடத்தையும் தாண்டிப் போய்விட்டிருந்தது.

தேடுபவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, கடைசியாக அவரை எப்போது பார்த்தீர்கள் என்பது. சோசின்ஸ்கியிடம் இருந்த நேர்மையான பதில், நேற்றிரவு ஒன்பது மணி வாக்கில் என்பதுதான். ஒன்பது மணி முதல் மறுநாள் ஆறே கால் வரை படகு ஓடிய தூரம் கிட்டத்தட்ட 60 கடல் மைல். கிலோமீட்டரில் சொன்னால் 110. அந்த நீளக் கோட்டில் எந்தப் புள்ளியில் விழுந்தாலும் சரி, விழுந்த கணத்திலிருந்து நீரோட்டமும் காற்றும் அவரை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். எனவே கோடு, அகன்ற பட்டையாக மாறும். மணிக்கு மணி அந்தப் பட்டை இன்னும் அகலும்.

கடலில் ஆள் விழுந்தால் இடத்தைத் தேடுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் படகு வந்த தடம் படகின் வழியை வரைபடத்தில் காட்டும் ஜி.பி.எஸ் பிளாட்டர் கருவியில் பதிவாகியிருக்கும். நேரம் தெரிந்தால் அந்தத் தடத்தில் விரலை வைத்து இடத்தைச் சொல்லிவிடலாம். நேரம் தெரியாதபோது தடம் முழுவதும் சந்தேகத்துக்குரியது.

உடைந்த கைப்பிடி

இந்த நிகழ்வில் திருப்பத்தைக் கொண்டுவந்தவை ஹெலிகாப்டரும் கணினியும் வேலையைத் தொடங்கிய பிறகு படகிலேயே கிடைத்த தடயங்கள். சோசின்ஸ்கி பதற்றத்திலும் படகைக் கூர்ந்து பார்த்தார். ஐஸ் பெட்டியின் கைப்பிடி உடைந்திருந்தது. தளமூடியைச் சுற்றி வேலை தொடங்கிய அடையாளங்கள் இருந்தன. ஆல்ட்ரிட்ஜ் தொட்டிகளைத் தயார் செய்யத் தொடங்கியிருக்கிறார் என்று அவருக்குப் புரிந்தது.

அந்த வேலையை அவர்கள் எப்போது செய்வார்கள் என்பது கூட்டாளிக்குத்தான் தெரியும். கடல் ஆழம் 40 பாகத்தை (ஒரு பாகம் ஆறடி) தாண்டிய பிறகுதான் தண்ணீர் போதிய அளவு குளிர்ந்திருக்கும். அதற்கு முன்னால் தொட்டியை நிரப்புவதில் அர்த்தமில்லை. அந்த 40 பாகக் கோடு கரையிலிருந்து சுமார் 25 மைல் தொலைவில் இருந்தது. முதல் கூடுகள் சுமார் 40 மைலில். கூடுகளை அடைந்த பிறகும் ஆல்ட்ரிட்ஜ் படகில் இருந்திருந்தால், படகு அவற்றைத் தாண்டிப் போக விட்டிருக்க மாட்டார். ஆக, அவர் விழுந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்.

ஏறத்தாழ 60 மைல் கோடு 15 மைலாகச் சுருங்கியது. நான்கில் ஒரு பங்கு. உடைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டும் தொழில் பழக்கமும் சேர்ந்து செய்த வேலை இது. கடலோரக் காவல் படை தன் தேடலைத் தெற்கே நகர்த்தியது. துப்புரவு செய்துவிடலாம் என்று யாராவது அந்தப் பின்தளத்தை ஒழுங்குபடுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆள் காணாமல் போன படகில் எந்தப் பொருளையும் நகர்த்தக் கூடாது. எது திறந்திருக்கிறது, எது ஓடிக்கொண்டிருக்கிறது, டீ குடித்த தம்ளர் எங்கே இருக்கிறது, ஃபோனில் கடைசிச் செய்தி எத்தனை மணிக்குப் போனது என்று எல்லாவற்றையும் நேரத்தோடு குறிக்க வேண்டும். ஒவ்வொன்றும், அதுவரை அவர் படகில் இருந்தார் என்பதற்குச் சாட்சி.

இதே பாடத்தை 2021 பிப்ரவரியில் 'சில்வர் சப்போர்ட்டர்' என்ற சரக்குக் கப்பலும் காட்டியது. நியூசிலாந்திலிருந்து பிட்கேர்ன் தீவுக்குப் போகும் வழியில், அதிகாலை நான்கு மணிக்கு வேலையை முடித்துத் தளத்துக்கு வந்த தலைமைப் பொறியாளர் பசிபிக் கடலில் விழுந்தார். லிதுவேனியாவைச் சேர்ந்தவர், வயது 52. கப்பலில் இருந்தவர்கள் கவனிக்கவே ஆறு மணி நேரம் ஆனது. அவருடைய பணிப்பதிவைப் புரட்டிப் பார்த்து, நான்கு மணி வரை அவர் கப்பலில் இருந்தார் என்று கண்டுபிடித்தார்கள். கப்பலைத் திருப்பி, அந்த நேரத்துக்குரிய இடத்தை நோக்கி ஓட்டினார்கள். அவரும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல், கைவிடப்பட்ட ஒரு மீன்பிடி மிதவையைப் பிடித்தபடி 14 மணி நேரம் தாக்குப்பிடித்தார். தன் கப்பலாலேயே மீட்கப்பட்டார்.

தண்ணீரில் இருந்தவரின் கணக்கு

ஆல்ட்ரிட்ஜ் காலில் முழங்கால் வரையிலான கனத்த ரப்பர் பூட்ஸ் இருந்தது. தண்ணீரில் விழுந்தால் பூட்ஸ் ஆளை அமுக்கிவிடும், உடனே கழற்றி எறி என்பதுதான் மீனவர்கள் வழக்கமாகச் சொல்வது. அவர் கழற்றினார், ஆனால் எறியவில்லை. அவை மிதக்கின்றன என்று கண்டுகொண்டார். தண்ணீரைக் கொட்டிவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்துக் காற்றை உள்ளே அடைத்து, இரண்டு அக்குளிலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டார். நீந்தாமலே மிதக்க முடிந்தது.

கடல் சுமார் 22 டிகிரியில் இருந்தது. அவருடைய பெரிய அதிர்ஷ்டம் இதுதான். குளிர்காலத்தில் இதே இடமாக இருந்திருந்தால் கதை அரை மணி நேரத்துக்குள் முடிந்திருக்கலாம். உறையும் நிலைக்கு அருகில் உள்ள நீரில் விழுந்தவுடன் மூச்சு கட்டுப்பாட்டை மீறி இழுக்கும். அந்த ஒரு நிமிடத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நீரை விழுங்கிவிடுவார். அதைத் தாண்டினாலும் பத்து நிமிடத்துக்குள் கைவிரல்கள் மரத்துப் போகும், கயிறைக்கூடப் பிடிக்க முடியாது. உடல் வெப்பம் குறைந்து நினைவு போவதற்கு இன்னும் நேரம் இருக்கும். அதற்கு முன்பே நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிவிடுகிறார். லைஃப் ஜாக்கெட் போட்டவர் இந்த இரண்டு கட்டங்களையும் தாண்டிவிடுவார். நீச்சல் தெரியும், எனக்கெதற்கு ஜாக்கெட் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

சரி, 22 டிகிரி நீர் என்றால் ஆபத்தில்லையா? இருக்கிறது. உடலைவிட 15 டிகிரி குளிர்ந்த நீர், மணிக்கணக்கில் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அவர் நடுங்கினார், களைத்தார், சுறாக்கள் சுற்றுவதையும் பார்த்தார். விடியும் வரை தாங்குவதை முதல் இலக்காக வைத்துக்கொண்டார். விடிந்ததும் அடுத்த இலக்கு, ஒரு மிதவையைக் கண்டுபிடிப்பது. அந்தக் கடலில் யார் கூடு எங்கே கிடக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். கூடுகளின் வரிசையைக் காட்டும் மிதவை ஒன்றை நோக்கி, பூட்ஸைச் சுமந்தபடி நீந்தினார். அடைந்த பிறகு தன்னிடமிருந்த சிறு கத்தியால் கயிற்றை அறுத்து அந்த மிதவையோடு இன்னொன்றுக்குப் போனார். இரண்டையும் சேர்த்துக் கட்டி நடுவில் இருந்துகொண்டார்.

அலைக்கு நடுவே ஒரு தலையை மேலிருந்து காண்பது மிகமிகக் கடினம். ஹெலிகாப்டர்கள் தன்னைத் தாண்டிப் போவதை ஆல்ட்ரிட்ஜ் பலமுறை பார்த்தார். தன் சொந்தப் படகையே தூரத்தில் பார்த்தார், அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. ஒற்றைத் தலையாக இருந்தவர், இரண்டு பெரிய மிதவைகளுக்கு நடுவில் அசையும் உருவமாகத் தன்னை மாற்றிக்கொண்டார். ஓரிடத்தில் நங்கூரமிட்டதுபோல நின்றதால் நீரோட்டத்தில் அடித்துப் போவதும் குறைந்தது. அவர் செய்தவற்றிலேயே என்னை அதிகம் வியக்க வைப்பது இதுதான்.

கரையிலும் கடலிலும் தேடல்

கடலோரக் காவல் படை 2007 முதல் 'சாரோப்ஸ்' என்ற கணினித் திட்டத்தைப் பயன்படுத்துகிறது. விழுந்த நேரம், இடம், காற்று, நீரோட்டம், ஆளின் உருவம், மிதக்க என்ன வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் கொடுத்தால், அவர் இருக்கக்கூடிய இடங்களை ஆயிரக்கணக்கான புள்ளிகளாகக் கடலில் தூவிக் காட்டும். புள்ளிகள் அடர்ந்த இடத்தில் எந்தக் கலம், எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் தேட வேண்டும் என்றும் சொல்லும். ஆனால் அதற்குள் போடும் நேரமே தவறென்றால், அழகான வரைபடமாகத் தவறான கடலைக் காட்டும். கைப்பிடியைப் பற்றிய தகவல் வந்த பிறகுதான் அந்தப் புள்ளிகள் சரியான இடத்தில் விழத் தொடங்கின. நடுவில் அந்தத் திட்டம் ஒரு கட்டத்தில் செயலிழந்து, மறுபடி தொடங்க வேண்டியும் இருந்தது.

இன்னொரு பக்கம், வானொலியில் செய்தி கேட்ட மாண்டாக் மீனவர்கள் தொழிலை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட படகுகள். அவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைச் சோசின்ஸ்கி எடுத்துக்கொண்டார். உதவிக்கு வரும் படகுகள் அவரவர் மனம் போனபடி சுற்றினால் ஒரே இடத்தைப் பலமுறை பார்த்து, பக்கத்து இடத்தைப் பார்க்காமலே விட்டுவிடும். பிற்பகல் மூன்று மணியை ஒட்டி, கேப் காட் தளத்திலிருந்து வந்த ஜேஹாக் ஹெலிகாப்டர் இரண்டு மிதவைகளுக்கு நடுவில் கையசைக்கும் ஆளைக் கண்டது. மீட்பு நீச்சல் வீரர் இறங்கி, கூடையில் ஏற்றினார்.

உடனே தெரிந்திருந்தால்

ஆல்ட்ரிட்ஜ் விழுந்த கணமே உள்ளே ஒரு மணி அடித்திருந்தால், இந்த ஆய்வுக்கே அவசியம் இருந்திருக்காது. இன்று அதற்கான கருவிகள் சிறு படகுக்கும் எட்டும் விலையில் இருக்கின்றன. கையிலோ கழுத்திலோ அணியும் சிறு வயர்லெஸ் பட்டை ஒன்று, ஆள் படகை விட்டு விலகினாலோ நீரில் மூழ்கினாலோ அலாரம் அடிக்கும், சிலவற்றில் இன்ஜினையே நிறுத்திவிடும். லைஃப் ஜாக்கெட்டில் பொருத்தும் ஏ.ஐ.எஸ் கருவி, விழுந்தவரின் இடத்தைச் சுற்றியுள்ள படகுகளின் திரையில் காட்டும். 2014-இல் கிளிப்பர் உலகப் படகுப் போட்டியில், வட பசிபிக்கில் கொந்தளிக்கும் கடலில் விழுந்த ஒருவரைக் கண்டுபிடித்தது அந்தச் சமிக்ஞைதான். அவர் சுமார் ஒன்றரை மணி நேரம் தண்ணீரில் இருந்தார். நீர் புகாத உலர் உடை அணிந்திருந்ததால் குளிரைத் தாங்கினார்.

பயணிகள் கப்பல்களில் கேமராவும் ரேடாரும் கொண்ட தானியங்கி முறைகள் வருகின்றன. அமெரிக்கா 2010-இல் கொண்டுவந்த சட்டம், தொழில்நுட்பம் இருக்கும் அளவுக்கு அவற்றைப் பொருத்தச் சொல்கிறது. பறவையும் அலைத் தெறிப்பும் பொய் அலாரம் எழுப்புவது இவற்றின் பழைய நோய். சிறு படகுகளில் அணியும் பட்டைக்கும் அதே ஆபத்து உண்டு: நான்கு முறை பொய்யாக அடித்தால் ஐந்தாவது நாள் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். வாங்குவதற்கு முன் தொழில் செய்தபடியே சோதித்துப் பார்க்க வேண்டும்.

விழுவதை யாராவது கண்ணால் பார்த்தால் செய்ய வேண்டியவை தெளிவானவை. பார்த்தவர் கத்த வேண்டும், அப்புறம் அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. ஒருவர் மிதவை வளையத்தை எறிய, இன்னொருவர் பிளாட்டரில் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் எம்.ஓ.பி பொத்தானை அழுத்த வேண்டும். ஆள் விழுந்த பக்கமாகவே சுக்கானைத் திருப்பினால் படகின் பின்புறமும் உந்துவிசிறியும் அவரை விட்டு விலகும். பெரிய கப்பல்களில், ஆள் கண்ணில் இருந்தால் ஒரே சுற்றாகத் திரும்புவது வேகமானது. இருட்டில், எங்கே விழுந்தார் என்று தெரியாதபோது வில்லியம்சன் திருப்பம்: முதலில் ஒரு பக்கம் சுமார் 60 டிகிரி, பின்பு முழுவதும் எதிர்ப்பக்கம். கப்பல் தான் வந்த அதே தடத்தில் எதிர்த்திசையில் வந்து நிற்கும்.

தூக்கும் கட்டத்தைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். நனைந்து, குளிரில் வலுவிழந்த ஆளை உயரமான பக்கத் தளத்துக்கு மேலே வெறும் கையால் இரண்டு பேர் இழுப்பது பெரும்பாலும் முடியாது. நீண்ட நேரம் குளிர்ந்த நீரில் கிடந்தவரை முடிந்தவரை படுத்த நிலையிலேயே தூக்க வேண்டும். செங்குத்தாகத் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, மீட்கப்பட்ட நிமிடத்திலேயே உயிர் போகலாம். கூடு இழுக்கும் கப்பி, வலை, ஏணி எதை வைத்துத் தூக்குவது என்று படகைத் துறைமுகத்தில் கட்டிவைத்தே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

அமெரிக்க வணிக மீன்பிடியில் 2000 முதல் 2016 வரை கடலில் விழுந்து இறந்தவர்கள் 204 பேர். அவர்களில் ஒருவர்கூட லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் விழுந்ததைப் பார்த்தவர் இல்லை. ஆல்ட்ரிட்ஜும் அதே இரண்டு நிலைகளில்தான் இருந்தார். வெதுவெதுப்பான கோடைக்கடல், பூட்ஸ், மிதவை, கூட்டாளியின் கூர்மை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் அவர் பிழைத்தார். அப்படி ஒரு சேர்க்கையை நம்பி யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது.

ஆளைக் காணோம் என்று தெரிந்த கணத்தில் நம் கடற்பரப்பிலும் வழி அதேதான்: வி.எச்.எஃப் சேனல் 16, ஃபோன் எட்டும் இடமென்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554. அழைக்கும்போது இப்போது படகு நிற்கும் இடத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கடைசியாக அவரை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார், அதன் பிறகு அவர் உயிரோடு படகில் இருந்ததற்கு என்ன அடையாளம் இருக்கிறது, படகு எந்தத் திசையில் என்ன வேகத்தில் வந்தது, அவர் என்ன உடை போட்டிருந்தார், மிதக்க எதுவும் இருந்ததா என்று சொல்லுங்கள். புதிதாக ஏதாவது தெரிந்தால், அற்பமாகத் தோன்றினாலும், மறுபடி அழைத்துச் சொல்லுங்கள்.